மணக்குடிக்குப் போகாத பழையாறு

ஹட்டன், இலங்கை
1931 ஜூன் 8

அன்புத் தங்கை ஞானபாய்க்கு அண்ணன் ஜான்ரோஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மைனியும் சுகம். மலைக்குளிரில் எனக்கு மூட்டு மட்டும் பிடிக்கிறது. உன் சுகத்துக்கும் ராஜபாயின் சுகத்துக்கும் எழுதவும்.

ராஜபாய் உன் வீட்டில் தங்கி, உன் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் பாரம் வந்துவிட்டாள். "படிப்பு நடக்கிறது" என்று எழுதியிருந்தாய். நடந்தால் போதாது, ஓட வேண்டும். இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை இரண்டு கும்பலாகப் பிரித்து, அதிகம் பறித்த கும்பலுக்குக் கம்பளி என்று சொன்னோம். ஒரே மாதத்தில் கூடை நிரம்பி வழிகிறது. பிள்ளைகளும் அப்படித்தான்.

ஆகவே நம் அப்பா பெயர் பொறித்த வெள்ளி மெடல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பள்ளி மானேஜர் டீக்கன் செல்வதாஸ் கையில் வந்து சேரும். வருஷப் பரீட்சையில் மூன்றாம் பாரத்தில் முதலில் வரும் பிள்ளைக்கு அது. ராஜபாய் முதலில் வந்தால் நாகர்கோவில் ஹைஸ்கூலுக்கு அனுப்புவேன். வராவிட்டால் ஏப்ரலில் அவள் கப்பல் ஏறி இங்கே வரவேண்டியது. பக்கத்துத் தோட்டத்து ஹெட்கிளார்க் தன் மகனுக்குப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாம் இருவரும் போட்டி போட்டுப் படித்தவர்கள்தானே? நான் முதலில் வந்ததால் நாகர்கோவிலுக்குப் போனேன். இன்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் நலம் நாடும் அண்ணன்,
ஜான்ரோஸ்

கிண்ணிவிளை, கொட்டாரம் வழி
1931 ஜூன் 29

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஞானபாய் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நான் சுகம். உடம்பு கொஞ்சம் கூடிவிட்டது. பள்ளிக்கூட நாற்காலி போன வாரம் என்னைத் தாங்க மறுத்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து நான்தான் சிரித்தேன். மைனிக்கு என் ஸ்தோத்திரம். மூட்டுக்கு வேப்பெண்ணெய் தடவவும்.

கடிதம் முழுவதையும் வாசித்தேன். பதில் சொல்ல வேண்டியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மெடல் வந்தது. டீக்கனார் அதை ஞாயிறு ஆராதனையில் உயர்த்திக் காட்டினார். சபையார் நற்கருணைக்குக்கூட அப்படிக் கழுத்தை நீட்டியதில்லை. அத்தோடு விட்டாரா? அவர் படித்த காலத்து வழக்கம் ஒன்றையும் தூசி தட்டி எடுத்துவிட்டார். பிள்ளைகள் மார்க்கு வரிசையில் சுவரோரமாக நிற்க வேண்டும். கேள்வி மேலேயிருந்து இறங்கும். பதில் சொன்ன பிள்ளை, சொல்லாத பிள்ளைகளின் தலையில் ஒவ்வொரு குட்டு வைத்துவிட்டு மேலே ஏறலாம். "குட்டு விழுந்தாத்தான் புத்தி முளைக்கும் டீச்சரே" என்கிறார். அவர் தலையில் முடியே முளைக்கவில்லை.

உண்மையை மறைக்கக் கூடாது. ராஜபாய் ஓடத்தான் செய்கிறாள். ஒரு வாரத்தில் திருவிதாங்கூர் ஆறுகள் அத்தனையும் மனப்பாடம். சோறு தின்னும்போதும் ஆறு, தலை சீவும்போதும் ஆறு. அவளுக்கு எதிராளி ஒருத்திதான்: பனையேறி பொன்னுலிங்கத்தின் மகள் ரத்தினம். கணக்கில் என்னையே திருத்துவாள். ஆனால் இது பதநீர்க் காலம். காலையில் தாயோடு இருந்து கருப்பட்டி காய்ச்சிவிட்டு, உச்சி மணிக்குத்தான் வருவாள். வராத நேரத்துக் கேள்விக்கும் குட்டு உண்டு என்று டீக்கனார் உத்தரவு. அதனால் தினமும் கடைசி இடத்தில் நின்று, சாயங்காலத்துக்குள் இரண்டாம் இடத்துக்கு ஏறுகிறாள். மறுநாள் மறுபடியும் கடைசி. பனை ஏறுகிறது அவள் அப்பனா இவளா என்று தெரியவில்லை.

காலைப் பாடத்தை ராஜபாயின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். இருவரும் சிநேகிதிகள்.

என்றும் அன்புள்ள தங்கை,
ஞானபாய்

கிண்ணிவிளை
1931 ஆகஸ்டு 22

அன்புள்ள அண்ணனுக்கு ஞானபாய். இங்கு சுகம், அங்கும் அப்படியே இருக்க ஜெபம்.

ஓணப் பரீட்சை முடிந்தது. ராஜபாய் முதலிடம். ரத்தினம் எட்டாவது.

பள்ளிக்கூடம் பத்து நாள் அடைப்பு. மழை இல்லை. வேறு விசேஷமில்லை.

ஞானபாய்

கிண்ணிவிளை
1931 செப்டம்பர் 20

என் அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் ராஜபாய் முத்தங்களுடன் எழுதுவது. நான் சுகம். அத்தையும் சுகம், ஆனால் வேடிக்கைப் பேச்சைக் குறைத்துவிட்டாள். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் முதலில் வந்ததற்கு நீங்கள் பட்டுத்துணி அனுப்பியிருக்கிறீர்கள். அதை நான் இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. காரணம் எழுதுகிறேன்.

ரத்தினம் நோட்டுக் கேட்டபோது நான் இரண்டு நோட்டு எழுதினேன். எனக்குச் சரியானது ஒன்று; அவளுக்கு வேறொன்று. அவளுடையதில் பழையாறு தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது என்றும், குழித்துறை ஆறு மணக்குடியில் சேர்கிறது என்றும் மாற்றி எழுதினேன். இன்னும் பதினோரு இடத்தில் மாற்றினேன்.

அத்தை பேப்பர் திருத்தும்போது ரத்தினத்தைக் கூப்பிட்டாள். "ஏட்டி, நீ உனக்க அம்மைகூட மணக்குடிக்குக் கருப்பட்டி விக்கப் போவியே. பழையாறு எங்க போய் விழுகுன்னு கண்ணால கண்டதில்லியா?" என்று கேட்டாள். ரத்தினம், "கண்டிருக்கேன் டீச்சர். ஆனா ராஜபாய்க்க நோட்டில வேற மாதிரி இருந்துது. நான் கண்டது வேற ஏதோ ஆறா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த பேப்பரை எடுத்தாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, டீக்கனார் வழக்கப்படி, பரீட்சையில் முதலில் வந்த நான் மற்ற எல்லோருக்கும் குட்டு வைக்க வேண்டும். ரத்தினத்தின் முறை வந்தபோது மெதுவாக வைத்தேன். அவள், "நல்லாக் குட்டுட்டீ, டீக்கனார் பாக்குகாரு. உனக்க நோட்டு இல்லேன்னா நான் எட்டாவதுகூட வந்திருக்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலமே அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "மத்த பதினொண்ணும் எது எது? அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.

அப்பா, எனக்கு முதலிடம் வேண்டும் என்றுதான் இப்போதும் இருக்கிறது. ஆனால் இப்படி வேண்டாம். பட்டுத்துணியை என்ன செய்ய?

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ராஜபாய்

ஹட்டன்
1931 அக்டோபர் 11

அன்பு மகள் ராஜபாய்க்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நீ மாற்றி எழுதியது தப்பு. முதலில் வந்தது தப்பல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. இனி யாருக்கும் நோட்டுக் கொடுக்காதே. கொடுத்தால்தானே மாற்றி எழுத வேண்டி வருகிறது? உலகத்தில் முதல் நாற்காலி ஒன்றுதான். நானும் உன் அத்தையும் ஒரே பரீட்சை எழுதினோம். நான் ஜெயித்தேன், அவள் தோற்றாள். அதற்காக அவள் அழுதாளா? கிராமத்திலேயே இருந்து, தானே படித்து, டீச்சர் ஆகவில்லையா?

பட்டுத்துணியைத் தைத்துப் போடு. மழை நாளில் போடாதே, சாயம் போகும்.

அப்பா

கிண்ணிவிளை
1931 நவம்பர் 2

அண்ணன் ஜான்ரோஸுக்கு ஞானபாய் எழுதுவது. சுகமாக இருக்கிறேன், இந்தக் கடிதத்தை முடிக்கும்போதும் அப்படியே இருப்பேன் என்று நம்புகிறேன். தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும், உட்கார்ந்து வாசிக்கவும்.

ராஜபாய்க்கு எழுதியதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். "அத்தே, நீ தோத்தப்ப அழுதியா?" என்று கேட்டாள். அடுப்பில் புகை என்று சொல்லி வெளியே போனேன். அடுப்பு மூட்டவே இல்லை.

முப்பது வருஷம் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீங்கள் தேறாமல் ஒரு வருஷம் கூடுதலாகத் தங்கிப் படித்ததால் நாம் ஒரே வகுப்பு. அப்பா சொன்னார்: முதலில் வருகிறவர் நாகர்கோவிலுக்கு. நான் எழுபத்தொன்று. நீ அறுபது. மார்க்குத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு அப்பா, "பொட்டப்பிள்ளை ஜெயிச்சா அதை எந்த வண்டியில ஏத்த?" என்றார். நீ புது வேட்டி கட்டி வண்டியில் ஏறினாய். உன் குடையை எடுத்துக் கொடுத்தது நான். (கோபத்தில் 'நீ' என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்குமே என்று இத்தனை நாள் பேசாமலிருந்தேன். பார்த்தால் நீ மறந்தே போயிருக்கிறாய். மறந்தது மட்டுமா, ஜெயித்தும் விட்டாய்!

ஆகவே நான் செய்திருப்பதைக் கேள். என் வகுப்பில் வரிசை கிடையாது. குட்டு கிடையாது. அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். பாடம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போக மணி அடிப்பேன். முதல் இரண்டு நாள் எல்லோரும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு போனோம். இப்போது நான்கு மணிக்கே முடிகிறது.

டீக்கனார் வந்து நின்றார். "போட்டி இல்லேன்னா பிள்ளையளு படிக்குமா டீச்சரே?" என்றார். "அசன விருந்தில நீரு மூணு தடவ கறிச்சோறு வாங்கினீரே டீக்கனாரே, யாரு கூடப் போட்டி போட்டு?" என்றேன். வேலையை விட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார். கணக்கும் இங்கிலீஷும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடைத்ததும் எடுக்கச் சொன்னேன். நாளது வரை கிடைக்கவில்லை.

மெடலை டீக்கனாரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்; அது என் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது.

உன் தங்கை, எழுபத்தொன்று மார்க்கு,
ஞானபாய்

ஹட்டன்
1932 பிப்ரவரி 14

தங்கை ஞானபாய்க்கு அண்ணன் எழுதுவது. இங்கு சுகம். அங்கும் சுகமென நம்புகிறேன்.

மூன்று மாதமாக எழுத முடியவில்லை. தேயிலை விலை படுத்துவிட்டது, தோட்டத்தில் ஆள் குறைப்பு, ஓயாத வேலை. உன் கடிதம் வந்தது. அதில் நடுப்பக்கத்தில் தேயிலைச் சாயம் கொட்டி ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. முக்கியமான விஷயம் ஒன்றும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சொன்ன சொல் சொன்னதுதான். ராஜபாய் முதலில் வரவேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரல் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல். வருஷப் பரீட்சைப் பேப்பரை நீ திருத்தக்கூடாது என்று டீக்கனாருக்கு எழுதியிருக்கிறேன். வெளியூர் வாத்தியார் திருத்துவார்.

உனக்கு முதுகுவலி உண்டு என்று மைனி சொன்னாள். தைலம் அனுப்பியிருக்கிறேன்.

ஜான்ரோஸ்

கிண்ணிவிளை
1932 மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ராஜபாய். நான் சுகம். கையில் ஒரு சூடு மட்டும் பட்டிருக்கிறது, சின்னதுதான்.

சூடு எப்படிப் பட்டது என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். மறுபடியும் பதநீர்க் காலம் வந்துவிட்டது. ரத்தினம் காலையில் வர முடியாது. அதனால் நான் விடியும்போதே அவர்கள் பதநீர் காய்ச்சும் குடிலுக்குப் போகிறேன். நான் புத்தகத்தை உரக்க வாசிப்பேன். அவள் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே கேட்பாள். அவள் கணக்குச் சொல்வாள், நான் கிண்டுவேன். அப்படிப் பட்டதுதான் சூடு. பள்ளிக்கூட மணிக்கு நான் ஓடிவிடுவேன். மதியம் அவள் வந்ததும் காலைப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பேன்.

நேற்று நான் பூகோளம் கேட்டேன். "பேச்சிப்பாறை அணையில தண்ணி எந்த ஆத்தில இருந்து வருகு?" ரத்தினம் யோசித்தாள். நானும் மறந்துவிட்டேன். பின்னாலிருந்து அவள் அம்மா பகவதி, "கோதையாறு. ரெண்டு நாளா வாசிச்சு எனக்க காதே தேஞ்சு போச்சு, உங்களுக்குத் தெரியல்லியா மக்கா?" என்றாள். அவளுக்கு எழுத்தே தெரியாது.

அப்பா, ரத்தினத்துக்கு ஒத்தாசை செய்தால் அவள் என்னை முந்திவிடுவாள் என்று தெரிந்துதான் செய்கிறேன். முந்தினால் என்னைக் கப்பலேற்றுவீர்கள் என்றும் தெரியும். தெரியாமல் செய்ததாகப் பிறகு நீங்கள் நினைக்கக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

நான் தோற்பதற்காகப் படிக்கவில்லை. அவளை முந்தத்தான் பார்க்கிறேன். அவளும் என்னை விடமாட்டாள். "ஏட்டி, பாவம்னு எனக்கு விட்டுக் கொடுத்தா கொப்பரையில தள்ளிருவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மகள்,
ராஜபாய்

கிண்ணிவிளை
1932 ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு ஞானபாய். தைலம் அருமை. முதுகுவலி போனது, இப்போது யார் முன்னாலும் நிமிர்ந்து நிற்க முடிகிறது. அதன் பலனை இக்கடிதத்தில் காண்பீர்கள்.

பரீட்சை முடிவு வந்தது. ரத்தினம் முதல். ராஜபாய் இரண்டாவது. நான்கு மார்க்கு வித்தியாசம். நான் திருத்தியிருந்தால் அத்தைப் பாசத்தில் ஐந்து கூட்டியிருப்பேன், நல்லவேளை தடுத்தீர்கள். இருவரும் வாங்கிய மார்க்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இதற்குமுன் யாரும் வாங்காதது. வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தேறாமல் போகவில்லை. அதையும் டீக்கனாரே சபையில் வாசித்தார். வாசிக்கும்போது அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

மெடலை ரத்தினம் கழுத்தில் போட்டோம். கடுகு வாசம் இன்னும் போகவில்லை. பகவதி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஹைஸ்கூல்ல சேக்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள். நான் அப்படியே திரும்பி டீக்கனாரைப் பிடித்துக்கொண்டேன். "போட்டி வேணும் போட்டி வேணும்னு வருஷம் முழுக்க நின்னீரு. ஜெயிச்சவளைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்புவீரா?" என்றேன். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் என்ன செய்வார்? ரத்தினத்தின் ஹைஸ்கூல் படிப்புச் செலவைச் சபை ஏற்கும் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

இனி ராஜபாய். அவளைக் கப்பலேற்ற மாட்டேன். நாகர்கோவில் ஹைஸ்கூலில் நான்காம் பாரத்தில் அவள் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன். போர்டிங்கில் இடமும் சொல்லியாயிற்று. என் சம்பளம் எனக்கும் என் வயிற்றுக்கும் மட்டுமே என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல் நாற்காலி ஒன்றுதான் என்று அவளுக்கு எழுதினீர்கள். நாகர்கோவிலில் நானே போய்ப் பார்த்தேன். ஒரு வகுப்பில் முப்பதுக்குக் குறையாமல் இடம் போட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டில் ஒரு பொட்டப்பிள்ளை ஜெயித்தும் போகவில்லை. இன்னொருத்தி நான்கு மார்க்கில் தோற்றும் போகட்டும்.

இந்தப் பக்கத்தில் சாயம் கொட்டினால் எழுதவும்; இன்னொரு பிரதி அனுப்புகிறேன்.

அன்பு மாறாத,
ஞானபாய்

ஹட்டன்
1932 ஏப்ரல் 25

ஞானபாய்க்கு. சுகம்.

பிள்ளையை உடனே அனுப்பு.

ஜான்ரோஸ்

கிண்ணிவிளை
1932 மே 9

அண்ணனுக்கு. இங்கும் சுகம்.

மாட்டேன்.

ஞானபாய்

ஹட்டன்
1932 ஆகஸ்டு 21

பெறுநர்: ஜா. ராஜபாய், நான்காம் பாரம், பெண்கள் போர்டிங், நாகர்கோவில்

மகள் ராஜபாய்க்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போர்டிங் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே. உன் அத்தைமேல் அதைவிடக் கோபம். பக்கத்துத் தோட்டத்து ஹெட்கிளார்க் வீட்டுக்கு உன் அம்மா போய், பிள்ளை படிக்கிறாள், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதற்கு, "உங்க தங்கச்சி கடிதத்தில தேயிலைச் சாயம் கொட்டவே இல்லியே, நான் முழுக்க வாசிச்சேன்" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு எந்த இடம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அத்தையிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் கொட்டாரம் சந்தை வரைக்கும் சிரிப்பார்கள்.

உன் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? ஓணப் பரீட்சையில் நீ எத்தனையாவது?

அப்பா

நாகர்கோவில்
1932 செப்டம்பர் 18

என் அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ராஜபாய் முத்தங்களுடன் எழுதுவது. நான் சுகம். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறது, சாப்பாட்டுக்குத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது தடவை கேட்டால் கிடைப்பதில்லை.

வகுப்பில் முப்பத்தொரு பேர். நான் எத்தனையாவது என்பதை எழுத மாட்டேன். வெட்கப்படுகிற இடமல்ல. மார்தட்டுகிற இடமுமல்ல. எழுதினால் நீங்கள் அதை மட்டும் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். இதோடு வைத்திருக்கும் மூன்று பக்கத்தை அப்புறம் யார் வாசிப்பது?

அந்த மூன்று பக்கத்திலும் நான் இங்கே வந்து படித்தது இருக்கிறது. கடல் தண்ணீர் எப்படி மழையாகிறது என்று முதல் பக்கம். சில இடங்களில் எனக்கே சரியாகப் புரியவில்லை. அங்கே கோடு போட்டிருக்கிறேன். நிதானமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள் அப்பா. எத்தனையாவது என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் தெரிந்தால் எழுதுவேன். தெரியாவிட்டால் ரத்தினத்திடம் கேட்டு எழுதுவேன்.

உங்கள் மகள்,
ராஜபாய்